பொய் என்றால் பிறகு

1

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்டால் இன்னும் மோசமாக இருக்கும். எனக்கு நீந்தத் தெரியாது. அப்படிப்பட்ட நான் ஐம்பத்து மூன்றாவது வயதில் ஒரு பழைய பாய்ப்படகை வாங்கி, மனைவியையும் மகளையும் அதில் ஏற்றிக்கொண்டு, டென்மார்க்கிலிருந்து கிரேக்கத்துக்குப் போகிறேன் என்று புறப்பட்டேன். கிரேக்கம் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. நான்தான் போய்ச் சேரவில்லை.

காரைநகரில் பிறந்தவனுக்கு நீச்சல் தெரியாதா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டிலிருந்து கடல் சைக்கிளில் பத்து நிமிடம். அண்ணை நீந்துவார். நான் கரையில் நின்று அவருடைய சைக்கிளுக்கும் சறத்துக்கும் காவல் இருப்பேன். கடலோடு எனக்கிருந்த அனுபவம் அவ்வளவுதான்.

படகின் பெயர் பிர்த்தே. அதை எனக்கு விற்ற டேனிஷ்காரருடைய மனைவியின் பெயர் அது. படகின் பெயரை மாற்றினால் கூடாது என்று அவர் சொன்னதால் அப்படியே விட்டுவிட்டேன். செய்தி டென்மார்க்கின் ஹேர்னிங் நகரத்துத் தமிழர்களிடம் வேறு உருவத்தில் போய்ச் சேர்ந்தது.

“ஞானம் பிர்த்தே எண்டவளோட கிரேக்கத்துக்குப் போட்டானாம்.”

“ஐயோ, அப்ப மனிசியும் பிள்ளையும்?”

“அவையளும் கூடத்தான் போயிருக்கினமாம்.”

இதைக் கேட்டு என் மனைவி வசந்தி இரண்டு நாள் சிரித்தாள். மூன்றாம் நாள் கடல் கொந்தளித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

சில்க்போர்க்கில் ஒரு களஞ்சியத்தில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறவன் நான். என் பெயர் ஞானசேகரம். அந்த ‘ஞா’ டேனிஷ்காரரின் வாய்க்குள் நுழையாது. முதல் வாரமே என்னை ‘யான்’ ஆக்கிவிட்டார்கள். பழந்தமிழில் யான் என்றால் நான் என்றுதானே பொருள், குறைந்தபட்சம் என்னை நான் என்றாவது கூப்பிடுகிறார்களே என்று முப்பது வருடமாக மனதைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கதையைச் சிரிப்புக் கதையாகப் பல வீடுகளில் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒரு பகுதியை எப்போதும் வெட்டிவிடுவேன். கடந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணையின் வீட்டில் நடந்த ஒன்றுக்குப் பிறகு அப்படி வெட்டிச் சொல்ல மனம் வரவில்லை.

2

மே மாதம் புறப்பட்டோம். பிரான்சில் பாய்மரத்தைச் சாய்த்துக் கட்டிவிட்டுக் கால்வாய் வழியாக டீசலில் ஊர்ந்தோம். கரையில் நாயோடு உலாவிய கிழவர்கள் எங்களை முந்திப் போனார்கள். செப்டெம்பரில் சிசிலியின் தென்கரையில் ஒரு சின்னத் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது என்ஜினிலிருந்து ஆவி வந்தது. வசந்தி அடுப்பில் ஏதோ வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பு உடைந்திருந்தது.

இரண்டு இரவு தங்கத்தான் நினைத்தோம். எட்டு மாதம் தங்கினோம்.

காரணம் சல்வத்தோரே. அந்தத் துறைமுகத்தில் இருந்த ஒரேயொரு மெக்கானிக். பம்பைக் கழற்றினார், தலையை ஆட்டினார், இதற்குச் சாமான் எடுப்பிக்க வேண்டும் என்று கையால் காட்டினார். எப்போது வரும் என்று நானும் கையால் கேட்டேன்.

“பொய்” என்றார்.

திடுக்கிட்டுப் போனேன். முன்பின் தெரியாத மனிதன், முகத்துக்கு நேரே! நான் ஏதாவது சொல்வதற்கு முன் அவர் இன்னும் அன்பாக, தோளில் தட்டி, “பொய், பொய்” என்றார்.

இத்தாலிய மொழியில் பொய் என்றால் ‘பிறகு’. இதைக் கண்டுபிடித்தவள் மகள் மீரா. பன்னிரண்டு வயது. வந்த ஒரு மாதத்தில் துறைமுகத்துப் பிள்ளைகளோடு இத்தாலிய மொழியில் சண்டை பிடிக்கத் தொடங்கியிருந்தாள். நாங்கள் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்கிறவள், இப்போது இத்தாலிய மொழியில் சொன்னாள். எங்களுக்குத் தமிழ் இன்னும் ஒரு படி தள்ளிப்போயிற்று. அவர்கள் ‘வா’ என்றால் ‘போ’ என்று அர்த்தம் என்பதையும் அவள்தான் சொன்னாள். ஒரு காவலர் “வா, வா” என்று கையசைக்க நான் படகை அவருக்குக் கிட்டக் கொண்டுபோய் அவருடைய சப்பாத்தை நனைத்த பிறகு.

கடற்படை அலுவலகத்துப் படிவத்தில் பிறந்த இடம் காரைநகர், குடியுரிமை டென்மார்க், தொழில் களஞ்சியம் என்று எழுதிக் கொடுத்தேன். அதிகாரி என்னையும் படிவத்தையும் மாறிமாறிப் பார்த்தார். படகின் தலைவர் எங்கே என்று கேட்டார். நான்தான் என்றேன். சிரித்துக்கொண்டு முத்திரையைக் குத்தினார். அன்றிலிருந்து அந்தத் துறைமுகத்தில் எனக்குப் பெயர் ‘கப்பித்தானோ’. ரொட்டிக் கடைக்காரி, மீன்காரர், சல்வத்தோரே எல்லாருக்கும் நான் கப்பித்தானோ.

சிரிக்க வேண்டாம். முப்பது வருடம் யானாக இருந்தவனுக்கு அது தலைக்கு ஏறும்.

3

அண்ணை டென்மார்க்கில் கிரின்ஸ்டெட் என்ற ஊரில் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது கூட. அங்கே ஒரு தொழிற்சாலையில் இத்தனை வருடமும் ஒரே இடத்தில் வேலை. கல்யாணம் செய்யவில்லை. என்னை இங்கே எடுப்பித்தவர், எனக்குக் குளிர்ச்சட்டை போடுவதற்குச் சொல்லித்தந்தவர், என் கல்யாணத்துக்குத் தகப்பன் இடத்தில் நின்றவர் அவர்தான். டென்மார்க்கில் அவருக்கு வேறு யாரும் இல்லை.

எனக்குக் குடியுரிமை எடுக்கிற வேலைகளை ஓடியோடிச் செய்த மனிதர் தனக்கு எடுக்கவில்லை. கேட்டால், “பிறகு பாப்பம்” என்பார். அவர் பார்க்கத் தொடங்கியபோது விதிகள் மாறியிருந்தன. ஒன்றைச் செய்துமுடித்தால் இன்னொன்று புதிதாக முளைத்தது. “தமிழிலை விதியெண்டா ரெண்டு அர்த்தம். எனக்கு ரெண்டும் சேந்து வருது” என்றார் ஒருநாள்.

குடியுரிமைக்கான சோதனையில் இரண்டு தரம் தவறினார். மூன்றாவது தரத்துக்குப் படிப்பித்தவள் மீரா. நாங்கள் கடலுக்குப் புறப்படுவதற்கு முந்திய குளிர்காலம் முழுவதும், ஞாயிறு தோறும் பெரியப்பாவும் பெறாமகளும் எங்கள் குசினி மேசையில் இருந்தார்கள். அவள் டேனிஷில் கேட்பாள், அவர் முதலில் தமிழில் யோசிப்பார்.

“இவருக்குப் பிறகு ஆர் ராசா, பெரியப்பா?”

“கிறிஸ்தியான்.”

“அவருக்குப் பிறகு?”

“பிரெடெரிக். அதுக்குப் பிறகும் கிறிஸ்தியான், அதுக்குப் பிறகும் பிரெடெரிக். ஏனம்மா, இவங்களுக்குப் பேருக்கு இவ்வளவு பஞ்சமே?”

மீரா மேசையில் தலையை வைத்துச் சிரிப்பாள். அந்தப் பிள்ளை தமிழில் முழு வசனம் பேசியது அந்த மேசையில்தான். அண்ணை அந்தத் தரம் பாஸ் பண்ணினார். அதற்குப் பிறகு விண்ணப்பம், காத்திருப்பு, அதற்கும் பிறகு காத்திருப்பு. நாங்கள் சிசிலியில் சாமானுக்குக் காத்திருந்தபோது அண்ணை கிரின்ஸ்டெட்டில் கடிதத்துக்குக் காத்திருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் கதைப்போம்.

‘பொய்’ கதையைச் சொன்னபோது அண்ணை தொலைபேசியில் இருமி இருமிச் சிரித்தார். அதற்குப் பிறகு எடுத்தவுடன் முதல் கேள்வி அதுதான்:

“எடேய், பொய் வந்திட்டுதோ?”

“இல்லை அண்ணை. உங்கட பொய்?”

“கொம்யூன் அலுவலகமும் பொய் எண்டுதான் சொல்லுது.”

இரண்டு பேரும் சிரிப்போம். பெப்ரவரியில் ஒரு ஞாயிறு அவர் தொலைபேசியில் எடுத்தார். அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

“ஞானம், கடிதம் வந்திட்டுது. ஏப்ரலிலை விழா. மேயரோட கை குலுக்க வேணுமாம். ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வரலாமாம். உன்ரை பேரையும் மீராவின்ரை பேரையும் குடுத்திருக்கிறன்.”

“ஓமண்ணை, கட்டாயம் வாறம்” என்றேன். அப்போது அது பொய்யில்லை.

4

விழாவுக்கு மூன்று கிழமை இருக்கும்போது சாமான் வந்துவிட்டது. பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவளே மீராதான். இரண்டு தரம் பிழையான சாமான் வந்து, மூன்றாவது தரம் சரியானது. சல்வத்தோரே அரை நாளில் பூட்டிவிட்டார். என்ஜின் ஓடியது.

அடுத்த நாள் சல்வத்தோரே இன்னொரு செய்தியோடு வந்தார். துறைமுகத்தின் புனிதருக்குப் பெருநாள். அன்று படகோட்டம். இந்த வருடம் டேனிஷ் கப்பித்தானோவும் ஓட வேண்டும். என் பெயரைக் கரும்பலகையில் ஏற்கனவே எழுதியாகிவிட்டது. திகதியைப் பார்த்தேன். அண்ணையின் விழா நாள்.

இங்கே எனக்காக வாதாட ஒருவரும் இல்லை. பக்கத்து நகரிலிருந்து டென்மார்க்குக்குப் பிளேன் ஓடியது. வசந்தி சொன்னாள்: “நீங்களும் பிள்ளையும் போட்டு வாங்கோ. நான் படகைப் பாக்கிறன்.”

“காத்து வந்தா நீர் தனிய என்ன செய்வீர்?”

“கட்டின படகு எங்கையப்பா போகும்?”

பதில் இல்லாத கேள்வி. அதனால் நான் கோபப்பட்டேன். பதில் இல்லாதபோது கோபப்படுவது எனக்கு நன்றாக வரும்.

அந்த ஞாயிறு அண்ணை எடுத்தபோது, “அண்ணை, சாமான் இன்னும் வரேல்லை. என்ஜின் இல்லாத படகை விட்டிட்டு வரவும் விடமாட்டாங்கள்” என்றேன். எவ்வளவு இயல்பாக வந்தது தெரியுமா? பெருமூச்சுக்கூட விட்டேன்.

“மீராவிட்டைக் குடு” என்றார் அண்ணை. தொலைபேசியின் திரையில் அவருடைய முகம் தெரிந்தது. புதிதாகத் தலைமயிர் வெட்டியிருந்தார்.

“மீரா, சாமான் வந்திட்டுதோ அம்மா?”

மீரா என்னைப் பார்த்தாள். நான் கண்ணால் கெஞ்சினேன். ஒரு தகப்பன் பிள்ளையிடம் அப்படிக் கெஞ்சக் கூடாது. அவள் தொலைபேசியைப் பார்த்துத் திரும்பி, மெதுவாக, தெளிவாக, “பொய், பெரியப்பா” என்றாள்.

அண்ணை சிரித்தார். எங்கள் பழைய பகிடிக்குச் சிரிக்கிற அதே சிரிப்பு என்றுதான் நினைத்தேன். கெட்டிக்காரி, பொய்யும் சொல்லாமல் என்னையும் காட்டிக்கொடுக்காமல் தப்பிவிட்டாள் என்று மனதுக்குள் மெச்சினேன். அவள் தொலைபேசியை மேசையில் குப்புற வைத்துவிட்டுப் படகிலிருந்து இறங்கிப் போனாள்.

5

படகோட்டம் எப்படி நடந்தது என்று கேளுங்கள். பதினொரு படகுகள் ஓடின. பத்துப் படகுகள் திரும்பி வந்து, பாயைச் சுருட்டி, பொரித்த மீனும் சாப்பிட்டு முடித்துவிட்டன. நான் துறைமுகத்து வாயிலுக்கு முன்னாலேயே ஒரு மணல் திட்டியில் ஏறி நின்றேன். கரையில் வாத்தியக் குழு எனக்காக ஒரு பாட்டை மறுபடி மறுபடி வாசித்தது. கடைசியில் சல்வத்தோரே தன் சின்னப் படகில் வந்து கயிறு போட்டு இழுத்தார். சனமெல்லாம் “கப்பித்தானோ!” என்று கத்திக் கைதட்டியது.

வசந்தி முன்பக்கத்தில் இருந்து கயிற்றைப் பிடித்தாள். மீரா உயிர்காப்புச் சட்டையோடு மூலையில் இருந்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணல் திட்டியில் நின்ற நேரம் அவள் வாய் திறந்தது ஒரு தரம்தான், அதுவும் டேனிஷில். “இப்ப பெரியப்பா கை குலுக்கிக்கொண்டிருப்பார்.”

மே மாத முடிவில் பிர்த்தேயை சல்வத்தோரேயின் மைத்துனருக்கு விற்றுவிட்டோம். கிரேக்கம் போகும் ஆசை எனக்கே விட்டுப்போயிருந்தது. பிளேனில் திரும்பினோம். நான்கு மாதம் ஊர்ந்து போன தூரம். ஏறி, சாப்பாட்டுத் தட்டை முடித்துவிட்டு, ஒரு கோப்பி குடித்தேன். கீழே டென்மார்க்கின் யூட்லண்டுப் பச்சை வயல்கள். இவ்வளவு கிட்டவா என்று அப்போதுதான் விளங்கியது.

வந்தபிறகு அண்ணையிடம் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தேன். அவர் வந்த நாளில் விருந்தாளிகள் இருந்தார்கள். நான் போன நாளில் அவருக்குத் தடிமன். பிறகு நத்தார்ப் பண்டிகை வந்தது. பிறகு பனி. ஒவ்வொரு தடவையும் மனதுக்குள் நான் சொல்லிக்கொண்டது ஒரே சொல்தான், தமிழில்: பிறகு.

6

கடந்த ஞாயிறு அண்ணை எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். “குடியுரிமை எடுத்து ஒரு வருசமாச்சு. என்ரை பேத்டே எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ” என்றார். வசந்திக்கு முதியோர் இல்லத்தில் வேலை. நானும் மீராவும் போனோம். காரில் நான் மூன்று பகிடி சொன்னேன். மீரா காதிலிருந்த பாட்டுக் கேட்கும் கருவியைக் கழற்றாமலே தலையாட்டினாள்.

அண்ணையின் வீட்டு அலுமாரிக்கு மேல் ஒரு புதிய படம் கண்ணாடி போட்டு வைக்கப்பட்டிருந்தது. கொடிக்கு முன்னால் அண்ணை கோட்டுச் சூட்டோடு நிற்கிறார். பக்கத்தில் மஞ்சள் சட்டை போட்ட ஒரு டேனிஷ்காரி, ஐம்பது வயதிருக்கும், அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

“என்னண்ணை இது, எங்களுக்குச் சொல்லவேயில்லை!” என்றேன். வாய் அப்படித்தான், எனக்கு முந்தி ஓடும்.

“அது கோப்பி ஊத்தின மனிசி. எல்லாரையும் குடும்பத்தோட நிக்கச் சொல்லிப் படம் எடுத்தவங்கள். நான் தனிய நிண்டன். அவ கேத்திலை வைச்சிட்டு வந்து பக்கத்திலை நிண்டா.”

படத்துக்கு முன்னால் இரண்டு மடித்த மட்டைகள் நின்றன. விழாவில் விருந்தாளிகளின் கதிரையில் வைப்பதற்கு, குடியுரிமை எடுக்கிறவர்களே பெயர் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். ஒன்றில் மீராவின் பெயர். மற்றதில், அண்ணையின் பெரிய எழுத்தில், ஒரு எழுத்தும் குறையாமல், ஞானசேகரம். யானும் இல்லை, கப்பித்தானோவும் இல்லை.

நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

“அண்ணை, ஒரு விசயம் சொல்ல வேணும்.”

“சாப்பிட்டிட்டுச் சொல்லன்.”

“இல்லை, இப்பவே சொல்லுறன். அந்தச் சாமான்... விழாவுக்கு மூண்டு கிழமைக்கு முன்னமே வந்திட்டுது. என்ஜின் ஓடினது. நான் வந்திருக்கலாம்.”

அண்ணை புட்டுப் பானையைத் திறந்து ஆவியை வெளியே விட்டார். மீரா காதிலிருந்த கருவியைக் கழற்றினாள்.

“தெரியும்” என்றார் அண்ணை.

“எப்பிடித் தெரியும்?”

“நீ வரேல்லை எண்ட அண்டைக்குப் பின்னேரமே பிள்ளை போன் எடுத்துச் சொன்னவள். அழுதவள்.”

அந்த ஞாயிறு. விழாவுக்கு இன்னும் இரண்டு கிழமைக்கு மேல் இருந்தது. கணக்குப் பார்க்க எனக்குக் கொஞ்சநேரம் எடுத்தது.

“அப்ப... தெரிஞ்சுகொண்டோ இந்த மட்டையிலை பேர் எழுதினீங்கள்?”

“மட்டை விழாவண்டு காலமைதான் எழுதினது. பிளேன் இருக்குத்தானே எண்டு நினைச்சன். மனம் மாறி வந்தியள் எண்டா இருக்கக் கதிரை வேணுமே.” கரண்டியைக் கழுவினார். “மீராவைச் சொல்ல வேண்டாம் எண்டு சொன்னதும் நான்தான். நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்தன்.”

ஒரு வருடம் பார்த்திருக்கிறார். நத்தாரிலும், பனியிலும், தடிமனிலும்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியாதபோது நான் என்ன செய்வேன் என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மணல் திட்டிக் கதையைத் தொடங்கினேன். வாத்தியக் குழுவைப் போல வாயால் வாசித்தும் காட்டினேன். இந்தக் கதைக்குச் சிரிக்காத வீடு ஹேர்னிங்கிலும் இல்லை, சில்க்போர்க்கிலும் இல்லை. அண்ணை மீராவுக்குப் புட்டு வைத்தார். மீன் குழம்பை விட்டார். எனக்கும் வைத்தார், எப்போதும் போல எனக்கு மீன்தலை. நான் பாட்டின் நடுவில் நிறுத்திவிட்டேன்.

சாப்பிட்டோம். மீராவும் அண்ணையும் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கதைத்தார்கள். அவள் தமிழில் கதைத்தாள். நடுவில் ஒரு சொல் வராமல் தடுமாறியபோது அண்ணை எடுத்துக் கொடுத்தார். என்னை அவர்கள் ஒதுக்கவில்லை. உப்பு எடுத்துத்தரச் சொன்னார்கள்.

வெளிக்கிடும்போது அண்ணை கார்வரைக்கும் வந்தார். மீராவின் தலையைத் தடவினார். அவள் ஏறினாள். நான் என்ஜினை இயக்கிவிட்டு உடனே நிறுத்தினேன். கண்ணாடியை இறக்கினேன்.

“அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

அவர் தலையை ஒருக்கால் ஆட்டினார். ஓம் என்றா, பார்ப்போம் என்றா, எனக்கு விளங்கவில்லை.

“கோபம் இல்லைத்தானே? எங்கட வீட்டை எப்ப வாறியள்?”

அண்ணை குனிந்து, கண்ணாடிக்குள்ளால் என் முகத்தை நேரே பார்த்தார்.

“பொய்.”